கட்டிய கை

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சங்கதி இது. கேட்கிறவர்கள் மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் சவரிராயன் என்று ஒரு கண் டாக்டர் இருந்தார். கை என்றால் அப்படியொரு கை. புரை எடுக்க அவர் கத்தியைப் பிடித்தால், பக்கத்தில் நிற்கிற நர்ஸ் மூச்சை இழுத்து விடுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பார்கள். பேர் இருந்தது, கூட்டம் இருந்தது. மனைவி போன பிறகு மனசு மட்டும் எதிலும் ஒட்டாமல் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தார். கோயில் வாசலில் ஒரு கன்னியாஸ்திரி மேசை போட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளில் வெனிலாக் காய் விற்றுக்கொண்டிருந்தார். மடகாஸ்கர் தீவில் ஏழைகள் விளைவித்தது, இடையில் தரகர் கிடையாது, அவர்களுக்கு நியாய விலை கொடுத்து வாங்கியது, மிஞ்சுகிற காசு அந்த ஊர்க் கண் வைத்தியத்துக்கு என்று பெட்டியில் அச்சடித்திருந்தது.

"அங்க வைத்தியம் பாக்கறது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

அவர்தான் சிஸ்டர் அமலோற்பவம். மணப்பாட்டுக்காரர். அவரும் கண் டாக்டர். சவரிராயனைவிட வயதில் சின்னவர். பேச்சு குறைவு. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், சின்னக் கூட்டமாகப் போய் அந்தத் தீவில் கண் முகாம் நடத்திவிட்டு, வெனிலாவோடு திரும்புவார்கள்.

டாக்டர் அங்கேயே நின்றார்.

"எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும், சிஸ்டர். ஊழியம் தெரியாது. உங்ககிட்ட இருந்து கத்துக்கிடணும். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெட்டி தூக்கத் தெரியுமா?"

அப்படித்தான் சீடரானார்.

ஊர் ஆற்றுக்கு மேலே இருந்தது. விமானத்தில் போய்த் துறைமுக ஊரில் இறங்கி, படகு பிடித்து, பாதி நாள் எதிர்த்தண்ணீரில் போக வேண்டும். பள்ளிக்கூடத்து அறை ஒன்றைக் கழுவி, கொசுவலை கட்டி, அதில்தான் ஆபரேஷன். கூட வந்த நர்ஸ் பிலோமினா தூத்துக்குடிக்காரி. பல வருஷமாக வருகிறவள், ஊர்ப் பாஷை பேசுவாள், வாயும் கொஞ்சம் நீளம். டாக்டர் ஓயாமல் சிஸ்டரிடம் கேள்வி கேட்பதைப் பார்த்து அவருக்கு 'கேள்வி டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டாள்.

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன் முடிந்து கண்ணுக்குக் கட்டுப் போட்டதும், போட்டவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வாக்கியம் சொல்வார். நோயாளியும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

'கட்டின கைதான் அவிழ்க்கும்.'

முன்னெல்லாம் கட்டு அரிக்கிறது என்று விரலை உள்ளே விடுவார்களாம். மந்திரிக்கிறவர் வந்து பிரித்து இலைச்சாறு விடுவாராம். அப்படிச் சில கண்கள் போயிருக்கின்றன. அந்த ஊரில் வாய்விட்டுச் சொன்ன வாக்கை மீறினால் குடும்பத்துக்கே ஆகாது. அதனால் சிஸ்டர் இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு ஒருவரும் கட்டைத் தொட்டதில்லை. மறுநாள் காலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கட்டினவரே போய் அவிழ்ப்பார்.

டாக்டருக்கு அந்தப் பாஷையில் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி, உச்சரிப்புகூட ஊர்க்காரர் மாதிரியே வந்துவிட்டது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முகாமின் கடைசி நாள் கத்தி எடுப்பதில்லை. கட்டு அவிழ்ப்பது, மருந்து கொடுப்பது, மூட்டை கட்டுவது, அவ்வளவுதான்.

அந்தக் கடைசி நாள் காலையில்தான் ராசோவா வந்து சேர்ந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. விதவை. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தாள். வழியில் ஓடை பெருகித் தாமதமாகிவிட்டது. ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றதில் புரை முற்றி, வெந்த மீன் கண் மாதிரி வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் தெரிந்தது, கை ஆட்டினால் நிழல் தெரிந்தது.

"அடுத்த வருஷம் மொத ஆளா வரச் சொல்லு" என்றார் சிஸ்டர் பிலோமினாவிடம்.

பிலோமினா சொன்னாள். ராசோவா போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றார் டாக்டர்.

"வெனிலா பூக்கப் போகுதாம், டாக்டர். இந்தப் பூவுல உக்கார்ற வண்டு இந்தத் தீவுல கிடையாது. மனுஷக் கைதான் வண்டு. பூ ஒரு காலைதான் திறந்திருக்கும். அதுக்குள்ள முள்ளால உள்ள இருக்கிற சவ்வைத் தூக்கி, பூந்தூளை ஒட்டி விடணும். கண்ணு தெரியாம எப்படின்னு கேக்கா. போன வருஷமே பாதிக் கொடி வீணாப் போச்சாம். இந்த வருஷமும் போனா கொழுந்தன் தோட்டத்தை எடுத்துக்கிடுவானாம்."

டாக்டர் சிஸ்டரிடம் வந்தார்.

"ஒரே ஒரு கண்ணு, சிஸ்டர். எனக்கு அது ஒரு வேலையே இல்ல."

"தெரியும்."

"நல்லது செய்யறதுக்குக்கூட நாள் பாக்கணுமா?"

சிஸ்டர் வெனிலா மூட்டைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். கப்பல் பிடிக்க வேண்டிய மூட்டைகள். அவற்றோடு அவர் முதல் படகில் இறங்க வேண்டும். டாக்டரும் பிலோமினாவும் சாமான்களைக் கட்டிக்கொண்டு மறுநாள் படகில் வருவதாக ஏற்பாடு.

"கட்டை யாரு அவிழ்ப்பா?" என்றார் சிஸ்டர்.

"நாளைக்குக் காலையில நான்தான் இங்க இருக்கேனே. அவிழ்த்துட்டுப் படகு ஏறுறேன்."

"ஆறு உங்ககிட்ட அப்படிச் சொல்லிச்சா?"

"இது சட்டம் பேசற இடமா, சிஸ்டர்? அவ வாழ்க்கையே போவுது."

சிஸ்டர் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ராசோவா பக்கம் போய் அவள் தோளில் கை வைத்து நின்றார். திரும்பி வந்தார்.

"கட்டுனா இருக்கணும், டாக்டர்" என்றார். "இருப்பீங்கன்னா கட்டுங்க."

மூட்டைகளோடு படகு ஏறிப் போய்விட்டார்.

டாக்டர் மத்தியானம் ஆபரேஷன் செய்தார். அவர் கையால் அதுவரை செய்ததிலேயே அதுதான் சுத்தமான வேலை என்று அவருக்கே தோன்றியது. கட்டுப் போட்டு, அவள் கையைப் பிடித்து, தெரிந்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். ராசோவாவும் சொன்னாள். டாக்டர் பிலோமினாவைப் பார்த்து, "நாளைக்குக் காலையிலன்னு சொல்லு" என்றார். அவள் சொன்னாள்.

ராசோவா இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, போன வருஷத்து வெனிலாக் காய் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். காயின் தோலில் புள்ளி புள்ளியாக ஒரு தழும்பு. மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

"திருட்டுக்குப் பயந்து, காய் பச்சையா இருக்கும்போதே ஊசியால குத்தி அடையாளம் வைப்பாங்க, டாக்டர்" என்றாள் பிலோமினா. "ஆளுக்கொரு அடையாளம். இது இவளோடது. அடுத்த வருஷம் தராசுல இந்த அடையாளத்தை நிறையப் பாப்பீங்கன்னு சொல்லுதா."

டாக்டர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கட்டோடு சிரித்துக்கொண்டிருந்த அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தது. படகுக்காரன் ஓடி வந்தான். மேலே பேய் மழை, இப்போது ஏறினால் உண்டு, விட்டால் ஆறு எப்போது வழி விடும் என்று சொல்ல முடியாது என்றான்.

பிலோமினா டாக்டரைப் பார்த்தாள்.

"கட்டு?"

"இப்ப அவிழ்க்கக் கூடாது. ஒரு ராத்திரியாவது ஆகணும்."

"அப்போ இருக்கணுமே, டாக்டர். சிஸ்டர் சொன்னாங்கல்ல?"

"திங்கட்கிழமை நம்ம ஊர்ல ஆபரேஷன் வச்சிருக்கேன், பிலோமினா. அவ்வளவு பேரும் தேதி வாங்கிட்டுக் காத்திருக்காங்க. இங்க ஒருத்தர். அங்க எத்தனை பேரு?"

"எனக்குக் கணக்கு வராது" என்றாள் பிலோமினா.

அந்த ஊர்க் கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் நல்ல மனுஷன். அவரைக் கூப்பிட்டு, கையைக் கழுவ வைத்து, எப்படி அவிழ்ப்பது, எப்படி மருந்து விடுவது என்று டாக்டர் காட்டிக் கொடுத்தார். அவர் சரியாகச் செய்து காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராசோவா பள்ளிக்கூடத்து மூலையில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

துறைமுகத்தில் சிஸ்டர் படித்துறையிலேயே நின்றிருந்தார். படகில் டாக்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"கட்டுனீங்களா?"

"ஆமா, சிஸ்டர். உபதேசியார் அவிழ்ப்பார். நல்லாக் காட்டிக் கொடுத்திருக்கேன்."

சிஸ்டர் படகுகள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு படகுக்காரனாகப் போய்க் கேட்டார். மேலே போக ஒருவனும் தயாராக இல்லை.

"தண்ணி வடியறவரைக்கும் நான் இருக்கேன்" என்றார் திரும்பி வந்து. "நீங்க?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் ஏறினார்.

சிஸ்டர் ஊர் திரும்பும்போது கிறிஸ்துமஸ் நெருங்கி, திருவருகைக் காலம் ஆகியிருந்தது. இளைத்திருந்தார். "ஆறு விடல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்திருந்தது. டாக்டர் கோயிலில் பேசியிருந்தார். மலை தாண்டி நடந்து வந்த விதவையைப் பற்றி, ஒரு காலை மட்டும் திறக்கும் பூவைப் பற்றி, மனுஷக் கையே வண்டாவதைப் பற்றி. அவருக்கு நன்றாகச் சொல்ல வந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "இந்நேரம் அந்தம்மா தன் கொடிக்குக் கீழே நின்னு, பூ பூவாப் பாத்துத் தொட்டுக்கிட்டு இருப்பாங்க" என்று முடித்தார். வெனிலா அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷத்துப் பெட்டிக்கு அவள் படத்தையே போடலாம் என்று முடிவாயிற்று.

மாதிரிப் பெட்டி ஒன்றை டாக்டர் சிஸ்டரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். சிஸ்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கட்டோட இருக்காங்க."

"ஆமா, சிஸ்டர். ஆபரேஷன் முடிஞ்ச கையோட எடுத்தது. சிரிப்பைப் பாத்தீங்களா?"

"அவிழ்த்த படம் இல்லையா?"

"அது அடுத்த வருஷம் எடுத்துக்கிடலாம்."

சிஸ்டர் பெட்டியை மூடி அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மறு வருஷம் போனார்கள். டாக்டர் புதுப் பெட்டி ஒன்றைப் பையில் வைத்திருந்தார், அவளிடம் காட்டுவதற்கு. போய் இறங்கியதுமே ஊர்க் கொட்டகையில் வெனிலா எடை போட்டார்கள். டாக்டர் வேலை மெனக்கெட்டுத் தராசுப் பக்கத்தில் போய் நின்றார். கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. எடுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மீன் முள் மாதிரி ஒரு அடையாளம், சிலுவை மாதிரி ஒன்று, வளையம் ஒன்று. மூன்று புள்ளியும் கீழே ஒரு கோடும் வரவே இல்லை.

சட்டைப் பையிலிருந்த காயை எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார். உபதேசியார் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சிஸ்டரிடம் மெதுவாகப் பேசினார். வெகுநேரம் பேசினார்.

"என்ன சொல்லுதாரு, சிஸ்டர்?"

சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மறுநாள் காலையில அவிழ்க்கப் போயிருக்காரு. அந்தம்மா விடல. 'நீ கட்டல'ன்னுட்டாங்களாம்."

"அப்புறம்?"

"நீங்க ஊருக்குப் போயாச்சுன்னு சொல்லியிருக்காரு. நம்பல. 'சொன்னாரு, நானும் சொன்னேன், வருவாரு'ன்னாங்களாம்."

"அப்புறம் யாரும்..."

"ஆறு வடிஞ்ச பிறகு கீழ்ப்பக்கத்து நர்ஸ் வந்திருக்காங்க. அந்த நர்ஸ் கையை அந்தம்மா கடிச்சுட்டாங்களாம். நடுவுல ரொம்ப வலிச்சிருக்கு. தூக்கத்துல தானே பிச்சுப் போட்டுருவோமோன்னு பயந்து, மருமகளைக் கூப்பிட்டுத் தன் கை ரெண்டையும் கட்டிப் போடச் சொன்னாங்களாம்."

டாக்டர் தராசைப் பிடித்துக்கொண்டார். தட்டு ஒரு பக்கம் இறங்கியது. எடை போடுகிறவன் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"இப்ப?" என்றார்.

"இப்பவும் கட்டோடதான் இருக்காங்க."

மலை தாண்டி நடந்தார்கள். டாக்டர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழியில் வெனிலாக் கொடிகள் மரங்களைச் சுற்றிக் கிடந்தன. முந்தி வந்த சில பூக்கள், தொட ஆளில்லாமல், காம்போடு உதிர்ந்து மண்ணில் கிடந்தன.

"இது அவங்க தோட்டமா இருந்தது" என்றார் சிஸ்டர்.

ராசோவா குடிசை வாசலில், வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய கட்டு நைந்து போகப் போக, மேலே மேலே துணி சுற்றியிருந்தாள். வெனிலாக் காயை வேக வைத்துச் சுற்றி வைக்கிற கம்பளித் துண்டுதான் எல்லாவற்றுக்கும் மேலே. தலை பாதி அதற்குள் இருந்தது.

காலடி கேட்டு நிமிர்ந்தாள். கையை நீட்டினாள். டாக்டர் கிட்டே போனார். தன் கையை அவள் கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கடகடவென்று என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல ஒரு ராத்திரி இவ்வளவு நீளமான்னு கேக்காங்க" என்றார் சிஸ்டர்.

மருமகள் உள்ளே இருந்து வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"சிஸ்டர், நீங்க அவிழ்த்துடுங்க. என்னால ஆகாது."

சிஸ்டர் வெந்நீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் கட்டலையே."

டாக்டர் மண்டியிட்டார். கம்பளித் துண்டைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். அதற்குக் கீழே ஒரு சேலைக் கிழிசல். அதற்குக் கீழே இன்னொன்று. கடைசியில் அவர் போட்ட கட்டு, துரு நிறத்தில், தோலோடு தோலாக. வெந்நீரில் நனைத்து நனைத்து இளக்கினார். வாடை வந்தது. ராசோவா அசையவே இல்லை. நல்ல பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பஞ்சு வந்தது.

அங்கே கண் என்று ஒன்றும் இல்லை. சுருங்கி, உள்ளே இழுத்து, வற்றிய குழியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பைக்குள் இருந்த பெட்டியின் மூலை முழங்காலில் குத்தியது. நகரவில்லை.

வெயில் ராசோவாவின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் இமையை இன்னும் அகலத் திறந்தாள். திறந்தபடியே காத்திருந்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு அவர் இருக்கிற திசையில் குனிந்து, தாழ்ந்த குரலில், மரியாதையாக, ஒரு வார்த்தை கேட்டாள்.

"என்ன சொல்லுதாங்க, சிஸ்டர்?"

சிஸ்டர் குனிந்தார். கீழே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தார். எல்லாவற்றையும் மடித்து முடித்தார்.

"'உள்ள இன்னும் ஒரு கட்டு இருக்கா'ன்னு கேக்காங்க, டாக்டர்."